தம்பியின் பூவரசங் கிண்ணம்

என் தம்பி நாலு வயதில் எவர்சில்வருக்குப் பகையாளி. தட்டு தரையில் லேசாக உரசினால் போதும், இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொள்வான். அதன் பிறகு அவனை வெளியே எடுப்பதும் நடக்காது, அவன் வாயில் ஒரு பருக்கை போவதும் நடக்காது. இதில் வேடிக்கை, எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் லேத் பட்டறை இருந்தது. தண்ணீருக்கு போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரிகளின் ராடுகளுக்குத் திருகு மரை போட்டுத் தரும் பட்டறை. பெரியவர்களே கத்திப் பேசவேண்டிய அந்த இரைச்சலில் இவன் ஒரு சாக்கின் மேல் படுத்து நிம்மதியாகத் தூங்குவான். ஒரே சீராக ஓடும் சத்தம் அவனை ஒன்றும் செய்யாது. திடீரென்று விழும் டம்ளர்தான் அவனுக்கு இடி.

அம்மாவும் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டாள். பிளாஸ்டிக் கிண்ணத்தை மோந்து பார்த்துத் தள்ளிவிட்டான். வாழை இலையில் போட்டால் சோற்றை விட்டுவிட்டு இலையை நார்நாராகக் கிழித்தான். சேலத்து டாக்டர், இன்னும் எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா தம்பியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. எனக்குப் பத்து வயது. ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்று வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

கடைசியில் அவன் சாப்பிட்டது என் சொப்பில். வைகாசித் தேருக்கு மாமா வாங்கித் தந்த மரச் சொப்பில், கட்டை விரல் கொள்ளும் அளவுக்கு ஒரு பானை உண்டு. ஒரு நாள் அதற்குள் அம்மா விளையாட்டாகத் தயிர்ச் சோற்றை வைத்தாள். அவன் வழித்துத் தின்றான். மறுபடி வைத்தாள், மறுபடி தின்றான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முப்பது தடவை அந்தப் பானை நிரம்பிக் காலியாயிற்று. நான் மட்டும் தரையில் உட்கார்ந்து காலை உதைத்தேன்.

"அது என்ற சொப்பும்மா!"

"குடுத்துரு சாமி. அவன் தின்னாப் போதும்."

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் இப்படித்தான் முடியும். அவன் தூங்கட்டும், நீ டிவியைக் குறை. அவன் அழுகிறான், நீ அப்புறம் வா. நான் அவனை வெறுத்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவனுக்குப் பதிலாக ஒரு நாய்க்குட்டி பிறந்திருக்கலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு.

பத்தே நாளில் சொப்பின் சாயம் உரிந்து சோறு மஞ்சளாக வர ஆரம்பித்தது. அம்மா அதை அப்பாவிடம் காட்டினாள்.

"ஏனுங்க, இந்தச் சாயமெல்லாம் அவன் வயித்துக்குள்ள போவுதுங்க. இத்தன லேத்து ஓட்டறீங்க, ஒரு மரக் கிண்ணங் கடைய முடியாதுங்களா?"

அப்பா மரத்தைக் கடைந்தவரே இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மர மில்லுக்குப் போய், நன்றாகக் காய்ந்த பூவரசங் கட்டை ஒன்றை அறுத்து ஏழெட்டுத் துண்டுகளாக வாங்கி வந்தார். ஒரு துண்டை இரும்புத் தட்டில் நான்கு திருகாணி போட்டு இறுக்கி லேத்தில் மாட்டினார். கட்டை சுழன்றது. உளி தொட்டது. தொட்ட நொடியில் அப்பாவின் இடது கை தானாகவே மேலே போய்க் கூலன்ட் குழாயைத் திறந்துவிட்டது.

இரும்பைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க, சோப்பு எண்ணெய் கலந்த வெள்ளைத் தண்ணீரை மேலே விடுவார்கள். அதுதான் கூலன்ட். உளி பட்டால் குழாயைத் திறப்பது அப்பாவுக்கு மூச்சு விடுவதைப்போல. மரம் அந்தத் தண்ணீரைக் குடித்தது. சாயங்காலத்துக்குள் கட்டை ஊறிப் பருத்து, மறுநாள் வாய் பிளந்து கிடந்தது. தம்பி அதை மோந்து பார்த்துவிட்டு பீரோ பக்கம் போனான்.

அடுத்த ஞாயிறு இரண்டாவது கட்டையை மாட்டினார். மறுபடியும் கை மேலே போனது. நான் கத்துவதற்குள் வெள்ளைத் தண்ணீர் கொட்டிவிட்டது. ராடு வாங்க வந்து காத்திருந்த ரிக் டிரைவர் ஒருவர் சிரித்து மாளவில்லை.

"ஏனுங்க மேஸ்திரி, கிண்ணத்துக்கும் போர் போடறீங்களா? தண்ணி நல்லா வருதுங்களே!"

அப்பாவும் சிரித்தார். பிறகு ஒரு பழைய துணியால் குழாயை இறுக்கிக் கட்டினார். மூன்றாவது கட்டையில் தண்ணீர் வரவில்லை. ஆனால் உள்பக்கம் வளைவு வரவில்லை. வளைவு வேண்டுமென்றால் இரண்டு கைப்பிடிகளை ஒரே நேரத்தில், வேறு வேறு வேகத்தில் சுற்றவேண்டும். அப்பா சுற்றியதில் கிண்ணத்துக்குள் படிக்கட்டு படிக்கட்டாக விழுந்தது. திருச்செங்கோட்டு மலைக்கு ஏறுகிற மாதிரி இருக்கிறது என்றேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நேரா ஓட்டியே பழகுன கை சாமி, இதுக்கு வளையாது. நீ புடி."

"நானுங்களாப்பா?"

"நீதான். மெதுவா சுத்து. பயந்து நின்றாத. நின்னீன்னா அங்கயே குழி உழுந்துரும்."

ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். பின்னலை மடக்கிச் சட்டைக்குள் சொருகிவிட்டார். என் முதல் கட்டையில் ஓட்டை போட்டுவிட்டேன். அப்பா கட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தார். பள்ளிக்கூடத்தில் கூட வாய்ப்பாட்டை நான் அந்த அளவுக்கு மனப்பாடம் செய்ததில்லை. படுக்கையில் படுத்துக்கொண்டு வலது கை வேகமாக, இடது கை மெதுவாக என்று காற்றில் சுற்றினேன். அந்த வாரம் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, லேத்தின் அடியில் இரும்புச் சுருளுக்கு நடுவே மரச் சுருளும் கிடந்தது. "என்னங்கப்பா இது?" என்று கேட்டேன். "போன வாரத்துக் குப்பை சாமி" என்றார். போன ஞாயிறு நான்தான் பெருக்கினேன். இருந்தாலும் அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு என் கிண்ணம் வந்தது. வாய் ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பு. என் கை நடுங்கிய இடங்களிலெல்லாம் உள்ளே வட்ட வட்டமாக வரி. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கட்டுமா என்று கேட்டதற்கு அப்பா வேண்டாம் என்றுவிட்டார். கடலை எண்ணெய் தடவி இரண்டு நாள் காயவைத்து, பருப்புச் சோறு போட்டு, என்னையே கொண்டுபோய்த் தம்பி முன்னால் வைக்கச் சொன்னார்கள். அவன் மோந்து பார்த்தான். விரலால் அந்த வரிகளைத் தடவினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு சாப்பிட்டான். முழுவதும் சாப்பிட்டு, கிண்ணத்தை எடுத்து என் மடியில் வைத்தான்.

அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள். நானோ ஊர் முழுக்கப் போய், "எங்கப்பாவுக்கே வராதது எனக்கு வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். தம்பிக்கு நான்தான் சோறு போடவேண்டும் என்று அன்றிலிருந்து சண்டை பிடித்தவளும் நான்தான்.

இப்போது எனக்குக் கல்யாணமாகி ராசிபுரத்தில் இருக்கிறேன். தம்பி பட்டறையில் அப்பாவுடன் நிற்கிறான். அதிகம் பேசமாட்டான். அளவு மட்டும் நூலிழை தப்பாது. இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவி விடப் போயிருந்தேன். ஷட்டருக்கு மேலே இருக்கும் பரணில், பழைய ராடு மாதிரிகளுக்குப் பின்னால், சாக்கில் சுற்றிய ஒரு மூட்டை இருந்தது. பிரித்தேன். மூன்று மரக் கிண்ணங்கள். முதலாவதில் அதே படிக்கட்டு. இரண்டாவதில் படி மங்கி வளைவு தொடங்கியிருந்தது. மூன்றாவது முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று, குறை சொல்ல ஒரு இடமில்லாமல் இருந்தது. அடியில் என் கிண்ணத்தில் இருப்பதுபோலவே நான்கு திருகாணித் துளைகள். அதே பூவரசின் கறுப்பு ரேகை, என் கிண்ணத்தில் நின்ற இடத்திலிருந்து இதில் தொடர்ந்தது.

புதன்கிழமை மரச் சுருள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு முன்னாலேயே அப்பாவின் கை வளைந்திருக்கிறது. தம்பி அந்த வாரமே இதில் சாப்பிட்டிருக்கலாம். இன்னும் நாலு நாள் சொப்பிலேயே ஓட்டிவிடலாம் என்று அப்பாவும் அம்மாவும் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் பட்டினி கிடந்தது ஒரு பிள்ளை மட்டும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. பரணடியில் ஸ்டூலில் நின்றபடியே கொஞ்ச நேரம் அழுதேன். இந்த அப்பாவுக்கு மகளாகப் பிறந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மூன்றையும் துடைத்து, அதே சாக்கில் சுற்றி, அதே இடத்தில் வைத்தேன்.

பூஜைக்கு வழக்கம்போல என் கிண்ணத்தில் பொரி நிரப்பி லேத்தின் மேல் வைத்தார்கள். வாயில் ஒரு விரிசல் விட்டிருக்கிறது, தம்பி அதற்கு மெல்லிய இரும்பு வளையம் போட்டிருக்கிறான். தேங்காய் உடைந்ததும் வந்திருந்த ரிக் லாரிக்காரர்களிடம் அப்பா வருஷா வருஷம் சொல்வதைச் சொன்னார்.

"இது எம் பொண்ணு கடஞ்சதுங்க. நாமளும் எத்தனயோ பாத்தமுங்க, நமக்கு வர்லீங்க."

"ஆமாங்க" என்றேன். "எங்கப்பாவுக்கு வர்லீங்க."