கல்நத்தையின் குரல்

குவைத்தில் எங்கள் அறையில் ஆறு பேர். ஆறு பேரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனித்தனியாகச் சிரிப்போம். ஏன் சிரிக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை நான் அழுதபோதுதான் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தில் என்ற நேபாளக்காரர் எழுந்து வந்தார். எனக்குத் தெரிந்த இந்தியில் "பீவி, பத்தர்" என்றேன். மனைவி, கல். என் மனைவிக்குச் சிறுநீரகக் கல் என்று நினைத்து, "பானி, பஹுத் பானி" என்றார்; நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். நான் சொல்ல வந்தது நத்தையை. நத்தைக்கு இந்தியில் என்ன பெயரோ, யார் கண்டது.

அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்ததல்லவா, சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்தில் இன்றும் கல்லாய்ப்போன நத்தைகள் கிடைக்கும். அப்படி ஒரு நத்தை கண்விழித்து, கடலைக் காணோமே என்று டவுன் பஸ்ஸில் ஏறித் தேடும். எங்கள் ஊர் கேபிளில் தினம் பத்து நிமிடம் வந்த நிகழ்ச்சி இதுதான். "கடலுக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்று பொம்மை நத்தை கேட்கும். "உடையார்பாளையம் வரைக்கும்தான் போவும், எறங்கு" என்பார் கண்டக்டர். நத்தைக்குக் குரல் கொடுத்தவள் என் மனைவி செல்வி.

நான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. கூட வேலை செய்யும் அரும்பாவூர்க்காரன், "ஒன் பொண்டாட்டி டிவில நத்தையாமே" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே போன் போட்டேன்.

"ஊரே சிரிக்குது. நாளைலேருந்து போவாத."

"சிரிக்கத்தானங்க அந்தப் ப்ரோகிராமே," என்றாள். கொஞ்சம் கழித்து, "சரிங்க."

வேறு குரலை வைத்துப் பார்த்தார்கள். இது நம்ம நத்தை இல்லை என்று பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்த நிகழ்ச்சியின் ஒரு வீடியோத் துண்டைப் போட்டிருந்தார்கள். "கடல் கோவிச்சுக்கிட்டுப் போச்சா, கூலி வேலைக்குப் போச்சா, யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்" என்கிறது நத்தை. சிரித்தேன், அப்புறம் சிரிக்க முடியவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இங்கே எங்கள் வேலை வண்டி தினமும் கடலோரமாகத்தான் போகிறது, நான் ஏறிட்டுப் பார்த்ததுமில்லை. பைத்தியம் பிடித்தவன்போல் ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒன்பது துண்டுகள் சேர்த்தேன். கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டால், "எடம் பத்தலன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன்ணே" என்கிறான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது என்னைப் போன்ற புத்தி கெட்டவனுக்காகச் சொன்னதுதான்.

திரும்பவும் போ என்று செல்வியிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். 'ம்', 'சரிங்க' தவிர அவளிடம் இப்போது பேச்சில்லை. நேற்று சாயங்காலம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஒரே ஒரு வார்த்தை நத்தையாப் பேசேன்."

"மறந்துபோச்சுங்க. சிலிண்டர் தீந்துபோச்சு, பதியணும். வச்சிரட்டுமா?"

போனைக் கீழே வைத்தவள் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள். எங்கள் நான்கு வயது மகள் சோறு வேண்டாமென்று சிணுங்குவது கேட்டது. உடனே வந்தது அந்தக் குரல், அதே நத்தை: "ஒரு வாய் வாங்கிக்கிட்டா கடலு ரெண்டடி கிட்ட வரும்ல?" மகள் சிரித்தாள். செல்வியும் சிரித்தாள். என் வீட்டுச் சிரிப்பு. நான் இருமினால்கூட நின்றுவிடும். கட்டைவிரலால் மைக்கை அடைத்துக்கொண்டேன். தில் ஏதோ கேட்க வாயெடுத்தார். பேசாதீர்கள் என்று கையைக் காட்டினேன்.