நான் அடித்த ஒரு வரி

போன வாரம் நீடாமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார் — "ஒன் நாவலைப் படிச்சு முடிச்சிட்டேன்டா."

புத்தகம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. விவசாயி, அவசரப்பட மாட்டார்.

"எப்படிண்ணே இருக்கு?" எழுத்தாளன் கேட்கவே கூடாத கேள்வி... கேட்டுவிட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, அப்பா எங்கிட்ட பேசுனாரேடா?"

விஷயம் இதுதான். அண்ணன் செய்துகொண்டது காதல் கல்யாணம். அப்பா மூன்று வருஷம் அவரிடம் பேசவில்லை. இத்தனைக்கும் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். நாலாவது வருஷம், மேட்டூர் திறந்த சமயம், அப்பா வரப்பில் நின்று எங்கேயோ பார்த்தபடி கேட்டார் — "தண்ணி வந்துருச்சா?"

"நாளைக்கு வந்துரும்ப்பா" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான் சமாதானம். அன்று மதியம் அண்ணி எங்கள் வீட்டில் சாப்பிட்டார்.

இதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி வகுப்புக்குக் கொண்டுபோனேன். இங்கிலாந்தில் ஒரு கலைக் கல்லூரியில் அப்போது படைப்பெழுத்து படித்துக்கொண்டிருந்தேன். கீழே ஓவியமும் சிற்பமும், மாடியில் கதை எழுதும் நாங்கள் பன்னிரண்டு பேர். டர்பன்டைன் வாடை மாடி வரைக்கும் வரும். வகுப்பில் ஒரு விதி உண்டு. நம் அத்தியாயத்தை மற்றவர்கள் அலசும்போது நாம் வாயைத் திறக்கக் கூடாது.

அலசினார்கள். "அவர்கள் வீட்டுக் குழாய் ரிப்பேரா?" என்றார் ஒருவர். "பிளம்பர் யாராவது வருவாரா?" என்றார் இன்னொருவர், அக்கறையாக. ஆசிரியை பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தார். "மூன்று வருஷ மௌனம் பிரமாதம். கடைசியில் எதற்கு இந்தத் தண்ணீர்ப் பேச்சு?"

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். விதி.

சரி, வகுப்பு முடிந்த பிறகு? யார் தடுத்தது? காவிரிப் பாசனத்தை ஐந்து நிமிஷத்தில் விளக்கியிருக்கலாமே! விளக்கவில்லை. அவர்கள் பாராட்டிய அந்த மௌனம் எனக்கும் பிடித்துப்போயிருந்தது. நாவலைத் தமிழில் எழுதியபோதும் அந்த வரியைச் சேர்க்கவில்லை. கதையில் அப்பா மகனிடம் பேசாமலே செத்துப்போனார். விமர்சகர்கள் உருகினார்கள்.

அந்தப் படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். உருப்படியாக நாலு வாக்கியம் எழுதக் கற்றது அங்கேதான். ஆனால், கைதட்டல் கிடைத்த இடத்தில் நாம் மேற்கொண்டு யோசிப்பதில்லை... இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

"அது கதைதானேண்ணே?" என்று சமாளித்தேன்.

"ஒனக்குக் கதை. எம் பொண்ணு படிச்சுட்டுக் கேக்குறா, 'தாத்தா ஒங்ககிட்ட பேசாமயே போயிட்டாராப்பா?'ன்னு. அச்சுல இருக்குறத நம்புவாளா, நான் சொல்றத நம்புவாளா?"

வெட்கமாக இருந்தது.

மறுநாள் பதிப்பாளருக்குப் போன் போட்டேன். அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன்.

"சார், அந்த மௌனத்துக்காகத்தான் புக்கே பேசப்பட்டது. வாசகர்கள் கோவிச்சுப்பாங்க" என்றார்.

கோபித்துக்கொள்ளட்டும். வாசகர்கள் கோபித்தால் கடிதம் போடுவார்கள். அண்ணன் அப்பாவின் பிள்ளை — மூன்று வருஷத்துக்குப் பேச மாட்டார்.