கணக்கில் இருந்த வாக்கு

தேர்தல் வந்தால், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் ரூஜ் வட்டாரத்தில் வாசல் செருப்புகளை எண்ணத் தொடங்கிவிடுவான் ஜனார்த்தனன். எந்தத் தமிழர் நின்றாலும் அவருக்காக வீடு வீடாகப் போவான். செருப்பையும் கறி வாசத்தையும் வைத்தே, "இது எங்கட வீடு, நாலு வோட்டு" என்று முடிவுகட்டுவான். சீன வீடு, குஜராத்தி வீடு, பிலிப்பினோ வீடு என்று தெருவையே பங்கு பிரித்து வைத்திருந்தான். உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேருக்குக் குடியுரிமை உண்டு என்று மட்டும் கேட்கமாட்டான். அது மரியாதையில்லையாம்!

அவன் கணக்கில் உறுதியான வாக்கு, என் பக்கத்து வீட்டுக் கனகாம்பிகை அக்காவுடையது. மிசிசாகாவில் விமானச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில் அக்காவுக்கு விடியற்காலை வேலை. எந்தக் கட்சிக்காரர் கதவைத் தட்டினாலும், "ஓம் தம்பி, போடுறன்" என்று சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்புவார்.

உண்மையில் அக்காவுக்கு வாக்கே இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும். குடியுரிமைக்குச் சோதனை எழுதவேண்டும் என்றால் அக்காவுக்கு நடுக்கம். ஐம்பத்தைந்து வயதானால் அந்தச் சோதனை இல்லையென்று யாரோ சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் தலைமயிருக்கு மை பூசுகிற ஊரில், அக்கா ஒருவர்தான் எப்போது வயது போகும் என்று காத்திருந்தார்.

போன தேர்தலில் தமிழ் வேட்பாளர் கொஞ்ச வாக்கில் தோற்றார். கோயில் அன்னதானத்தில் ஜனார்த்தனன் எல்லாருக்கும் கேட்கக் கத்தினான்.

"எங்கட சனமே காலை வாரிப்போட்டுது!"

அக்கா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் என் காரில் அழுதார். "நான் பொய் சொன்னனான் பிள்ளை. உந்தப் பழி எனக்குத்தான்." எனக்கு ஜனார்த்தனன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஆளை எண்ணியவனுக்கு வாக்கை எண்ணத் தெரியவில்லை, பழி மட்டும் சனத்துக்கு!

ஒருவழியாக அக்காவுக்கு அந்த வயது வந்தது. குடியுரிமைச் சத்தியப்பிரமாணமும் எடுத்தார். அடுத்த தேர்தலும் வந்தது, ஜனார்த்தனனும் வந்தான்.

"அன்ரி, உங்கட வோட்டு எங்களுக்குத்தானே!"

"விடியப்புறம் பஸ் ஒழுங்கா வாறேல்லை தம்பி. உங்கட ஆள் அதுக்கு என்ன செய்வார்?"

"அவர் எங்கட தமிழ் ஆள் அன்ரி."

"அது தெரியும். பஸ்ஸுக்கு என்ன செய்வார்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். "கேட்டுச் சொல்லுறன் அன்ரி" என்று இறங்கிப் போனான். மறுநாள் வந்து ஏதோ விளக்கினான். அக்கா தலையாட்டிக் கேட்டார். இந்த முறை தேத்தண்ணி இல்லை.

வாக்களிப்பு நாளில் நான்தான் அக்காவைக் கூட்டிப்போனேன். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் வந்தார். வெளியே வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு, கண் கலங்கியிருந்தது. காரில் ஏறியதும் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"ஆருக்கு அக்கா போட்டனீங்கள்?"

அக்கா சீற் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார்.

"இல்லாத நாளில எல்லாருக்கும் தாறன் எண்டு சொன்னனான் பிள்ளை. இப்ப இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."