அரிசிமணி அளவுச் சதை

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குத் திசுவியல் நடத்திக்கொண்டே மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருந்தேன். உணவுக்குழாய்ப் பாடம் என்றால் எனக்குக் கொண்டாட்டம். உள்பக்கம் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். சூடான ரசமோ மீன்முள்ளோ உரசினால் மேலடுக்கு உரிந்துபோகும், அடியிலிருந்து புதிது ஏறி வரும். இரைப்பை தொடங்குமிடத்தில் சட்டென்று ஆள் மாறிவிடும். உயரமான செல்கள் ஒற்றை வரிசையில் நின்று, அமிலம் தங்களை அரிக்காமல் சளி பூசிக்கொள்ளும்.

அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். பிரேசர் டவுன் வீட்டில் எங்களோடு இருந்தார். கொஞ்ச நாளாகவே கஞ்சிதான் குடித்தார். கேட்டால் பல் வலி என்பார். அந்தக் கஞ்சியும் இறங்காமல் வாந்தி எடுத்த அன்று, எங்கள் ஆஸ்பத்திரிக்கே இழுத்துப்போனேன். எண்டோஸ்கோபியில், உணவுக்குழாயின் கீழ்முனையில் புண் தெரிந்தது. இடுக்கியால் அரிசிமணி அளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

அதைப் பரிசோதிக்கும் நோய்க்குறியியல் துறையில் இருந்தவள் என் உயிர்த்தோழி. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடைத் தயாராக வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"சும்மா டென்ஷன் ஆயிட்டிருந்தடீ. வெறும் அல்சர்தான். நீயே பாரு, எவ்ளோ கிளீனா இருக்கு."

பார்த்தேன். அழகான உணவுக்குழாய். உள்தோலிலிருந்து வெளிச்சுவர்வரை நாலு அடுக்கும் முழுசாக இருந்தன. தசையடுக்கில் வரிவரியான தசை. அந்தத் தசை குழாயின் மேல்பகுதியில்தான் உண்டு. விழுங்குவதை அங்கேதான் தொடங்குகிறோம். கீழே போகப்போக வரியில்லாத தசை, அது நம் பேச்சைக் கேட்காது.

அப்பாவுக்கு எடுத்ததோ கீழ்முனையில். அதுவும் கிள்ளி எடுத்த சதையில் உள்தோல்தான் வரும். நாலு அடுக்கும் வேண்டுமென்றால் குழாயையே வெட்டியிருக்க வேண்டும். நான் பிள்ளைகளுக்குக் காட்டும் ஸ்லைடு பெட்டியிலிருந்தே, யாரோ செத்தவரின் தொண்டையை எடுத்து என் அப்பாவுடையது என்று காட்டியிருக்கிறாள். ஏமாற்றுவதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

"இது எங்கப்பாவோடது இல்ல" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கேன்சர்னு தெரிஞ்சதும் உங்கப்பாதான்டீ என் கையப் புடிச்சுக்கிட்டாரு. உன் பரீட்ச முடியிற வரைக்கும் சொல்லவேணாம்னு. உங்கம்மாவுக்கும் தெரியும்."

ஆக, எல்லாருக்கும் தெரியும். அதையே பாடமாகப் படித்த எனக்குத்தான் தெரியாது. பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது. பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அப்பாவாவது என்னிடம் வாய்விட்டுச் சொல்லட்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அப்பா தட்டோடு உட்கார்ந்திருந்தார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"புண்ணுதானாமே கண்ணு? ஒண்ணுமில்லேன்னு நான்தான் சொன்னேனே" என்றார் அப்பா. தோழி போன் செய்திருக்க வேண்டும், ஆனால் ஸ்லைடைக் காட்டியதை மட்டும் சொல்லிவிட்டு, நான் கண்டுபிடித்ததை மறைத்திருக்கிறாள்.

நான் பார்க்க வேண்டுமென்றே களியை உருட்டி வாயில் போட்டு விழுங்கினார். தொண்டையில் சுலபமாக இறங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் காத்திருந்தேன். உருண்டை கீழ்முனைக்குப் போனதும் கை நெஞ்சுக்குப் போனது, கண்ணில் நீர் கொட்டியது.

"கொழம்புல காரம் ஜாஸ்தி" என்றார்.

தட்டில் குழம்பே இல்லை. மோர்தான் இருந்தது.