ஓட்டை இல்லாத கேன்

தொண்ணூறுகளில், நியூசிலாந்தின் ஆக்லாந்து மனுரேவாவில் என்னோடு ஒரே கிடங்கில் வேலை செய்த குமார், ஆஸ்திரேலியப் பாலைவனத்தைச் சைக்கிளில் கடக்கப் புறப்பட்டான். தண்ணீரும் சமையல் சாமானும் ஏற்றிய வேனை ஓட்டுவதும் சமைப்பதும் என் பொறுப்பு.

ஒன்பதாம் நாள் கேனைச் சரித்தால் அரைப் போத்தல்கூடத் தேறவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுப் பழக்கத்தில் தினமும் அரிசியை மூன்று தரம் கழுவிக் கொட்டியிருக்கிறேன். இருந்ததை அவனிடம் கொடுத்துவிட்டு, எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த கடைக்கு வேனை விரட்டினேன். திரும்பி வந்தபோது, சைக்கிளின் நிழலில் தலையை மட்டும் வைத்துக் கிடந்தான்.

“கேன் ஒழுகிப்போச்சு மச்சான்” என்றேன்.

நான் வாங்கி வந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மாலைவரை மிதித்தான். பிறகும் படுக்கவில்லை. கேனை மடியில் வைத்து, வெடித்த விரல்களால் அதன் விளிம்பெல்லாம் தடவிக்கொண்டிருந்தான்.

“என்ன செய்யிறாய்?”

“ஓட்டை எங்கயெண்டு தெரிஞ்சால் அடைச்சுப்போடலாம். இல்லாட்டி நாளைக்கும் நீயெல்லோ அலையவேணும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். களைப்பு ஒருபுறம், வெட்கம் ஒருபுறம். “நீ படு, நான் பாக்கிறன்” என்று கேனை வாங்கி, ஓட்டையே இல்லாத இடத்தில் டேப் ஒட்டினேன்.

குமார் பயணத்தை முடித்தான். இன்றும் அவன் வீட்டுக்கு யார் வந்தாலும், “இவன் ஒட்டின டேப்தான் என்னைக் காப்பாத்தினது” என்கிறான். நான் தட்டிலிருக்கும் சோற்றைப் பிசைந்தபடி குனிந்திருக்கிறேன்.