வாய் திறந்த லோரிக்காரர்

முந்நூற்றுப் பன்னிரண்டு. தங்கா பத்து என்ற ஊரில் வசிக்கும் செலின் நான்கு ஆண்டுகளில் செய்த களிமண் பிள்ளைகளின் எண்ணிக்கை இது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் உயரம். எந்த உருவத்திலும் அவை ஏறுவது ஒரே ஆளின் மேல்தான்: டயர்மேல் உட்கார்ந்து, வாய் திறந்து கதை சொல்லும் லோரி டிரைவர்.

நியூ மெக்சிகோவின் புவெப்லோ மக்கள் செய்யும் கதைசொல்லி உருவங்களைக் கைப்பேசியில் பார்த்துத்தான் தொடங்கினார். அங்கே வாய் திறந்த பெரியவர், மடியிலும் தோளிலும் குழந்தைகள். அவர்களுடைய உடையையும் கோலங்களையும் செலின் தொடவில்லை. அந்தப் பெரியவரின் இடத்தில், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய தம் அப்பா மிக்கேல்ராஜை உட்கார வைத்தார்.

“நான் என்னா, இப்படியா வாயைப் பொளந்துக்கிட்டு இருந்தேன்?” என்றார் அப்பா.

“ஈ உள்ள போனாகூட நிறுத்த மாட்டீங்கப்பா.”

செலினுக்கு வேலை தஞ்சோங் கிளிங் ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில். சென்ற மாதம் அங்குள்ள மேனேஜர் பரமேஸ்வரன், வரவேற்பறை மேசைக்குப் பெரிய உருவம் ஒன்று கேட்டார். ஞாயிறு பசார் சந்தையைத் தாண்டி செலினின் கைவேலை போகும் முதல் இடம்.

“வாயை மட்டும் மூடிடுங்கக்கா. அழகா சிரிக்கட்டும்லா.”

மூடினார். பதினேழு பிள்ளைகளையும் ஒட்டி, சூளையில் வைத்தார். உருவம் வெடித்தது. உள்ளே கூடான உருவத்துக்கு ஆவி போக வழி வேண்டும். இத்தனை நாளும் அந்த வழி வாய்தான். அதனால் அடியில் துளை போடும் பழக்கமே அவருக்கு இல்லை. நான்கு பிள்ளைகள்தான் முழுசாகத் தேறின.

“என் தப்புதான்,” என்று உடைந்த துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டிப் பரமேஸ்வரனிடம் சொன்னார். “இன்னொன்னு செய்றேன். வாய் திறந்துதான் இருக்கும்.”

“அடியில ஓட்டை போட்டுட்டு வாயை மூடலாமேக்கா?”

“போடலாம். ஆனா இவரு பேசாம இருந்தா, பதினேழும் எதுக்காக அவரு மேல ஏறிக்கிட்டு கிடக்குதுங்க?”

பரமேஸ்வரன் உடைந்த துண்டுகளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “சரிலாக்கா. திறந்தே வைங்க.”

இரண்டாவது உருவம் நேற்று சூளையிலிருந்து விரிசல் இல்லாமல் வெளியே வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அது வரவேற்பறை மேசையில் இருக்கும். தூக்கி வைக்கப் போவது மிக்கேல்ராஜ்.