மவுஸ் யார் கையில் இருந்தது?

1. எஹலியகொடைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் கணினி ஆசிரியை. எங்களிடம் வேலை செய்யும் கணினிகள் நான்குதான்.
2. அதனால் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் ஒரு கணினிக்கு மூன்று பேரை உட்கார வைத்தேன்.
3. யார் கை வேலை செய்கிறது என்று பார்த்துப் புள்ளி போட்டேன்.
4. நிரோஷனுக்கு A. அவன் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்த தர்சினிக்கு W, அதாவது சித்தியில்லை, பெயில்.

மறுநாள் தர்சினி பாடத்தை மாற்றித் தரச் சொல்லி வந்தாள்.

“எனக்குக் கம்ப்யூட்டர் வராதுங்க டீச்சர். அம்மாவும் மனைப்பொருளியல் எடுக்கச் சொல்லிட்டாங்க.”

சரி என்று சொல்லப் போனேன். வாசலில் நின்ற நிரோஷன் பதறினான்.

“ஐயோ டீச்சர், அவள விட்டுடாதீங்க! அவ சொல்லச் சொல்லத்தான் நான் அமுக்குனேன்.”

“அப்ப நீ ஏன் மவுஸைத் தொடல?” என்று அவளைக் கேட்டேன்.

“இவன் எங்க குடுக்கிறான்? கேட்டா, ‘ஒனக்கு வாயே போதும்’ங்கிறான்.”

அவளைத் தனியாக உட்கார வைத்து, கொழுந்து நிறையைக் கூட்டும் ஓர் அட்டவணை செய்யச் சொன்னேன். மவுஸைப் பிடிக்கத் தடுமாறினாள். ஆனால் சூத்திரம் ஒன்றுகூடத் தவறவில்லை.

இப்போது செய்முறைத் தேர்வில் ஒரு கணினிக்கு ஒருவர்தான். மற்றவர்கள் அடுத்த அறையில் எழுத்துத் தேர்வு எழுதுவார்கள். “தேர்வு இழுபடுதே டீச்சர்” என்றார் பாடசாலை அதிபர். “இழுபடட்டும் சேர்” என்றேன். சாதாரண வகுப்பிலும் மவுஸ் முறைவைத்துக் கை மாறுகிறது.

தர்சினி பாடத்தை மாற்றவில்லை. சென்ற தவணையில் அவளுக்கு B, நிரோஷனுக்கு C.